கீழ்த்தொட்டி என் பொறுப்பு

காப்பியில் சர்க்கரை போதுமா, சம்பந்தியம்மா? போதாவிட்டால் கூச்சப்படாமல் கேளுங்கள். என் மனைவி ஊருக்குப் போனதிலிருந்து சமையலறை என் ராஜ்ஜியம். சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று இந்த உலகத்தில் இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கையிலிருக்கும் அந்தக் கண்ணாடிக் குழாயை மேசைமேலேயே வைத்துவிடலாம். சுவிட்சை அணைத்த பிறகுதானே தண்ணீரிலிருந்து எடுத்தீர்கள், அதனால் சுடாது. விவரமானவர் நீங்கள். மற்றவர்களாக இருந்தால் எரிகிறபோதே வெளியே இழுத்து வெடிக்க வைத்திருப்பார்கள். மீன்தொட்டி ஹீட்டர் என்று அதற்குப் பெயர். குளிர்காலத்தில் தண்ணீர் சில்லிட்டுப் போகாமல் காப்பதற்காகச் செய்த பொருள். நம் வீட்டில் அதற்கு வேறு உத்தியோகம் கொடுத்திருந்தேன்.

மகளிர் சிறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவரிடம் நான் கதை அளக்கப் போவதில்லை. ஒரு வயரைக் கண்டால் அது எங்கே போகிறது என்று பார்க்காமல் உங்களுக்குச் சாப்பாடு இறங்காது என்று உங்கள் மகன் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு வைத்திருந்தும், வந்த சம்பந்திக்கு வீட்டிலேயே நல்ல அறையைக் கொடுக்க வேண்டும் என்று என் அறையை ஒழித்துக் கொடுத்தேன் பாருங்கள், அங்கேதான் சறுக்கினேன். கட்டிலின் தலைமாட்டில் சிவப்பு விளக்கு எரியும் சுவிட்ச் ஒன்று இருப்பது எனக்கு மறந்தே போய்விட்டது. நீங்கள் அதன் வயரைப் பிடித்துக்கொண்டே சுவரைத் தாண்டி, கூடத்துக்கு வந்து, மீன்தொட்டியின் அடியில் குனிந்துவிட்டீர்கள். மரியாதை செய்யப்போய் மாட்டிக்கொண்டவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மாப்பிள்ளை கடைக்குப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். பிறகு அவரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். மாலை ரயிலுக்கு உங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் இருக்கிறது. இந்த ரயிலையும் விட்டால் இனிமேல் வரவே வேண்டாம் என்று என் மகள் அவரிடம் சொல்லிவிட்டாள், அதுவும் தெரியும். காலையில் அவர் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்தார், தொட்டியைப் பார்த்தார், இன்னும் இருபத்தொன்பது டிகிரி. பெட்டியைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டு, "அம்மா, நீ முன்னாடி போ, இது சரியானதும் நான் வந்துடறேன்" என்றார். உங்கள் முகம் வாடிவிட்டது.

அந்த இருபத்தொன்பது என்னுடையது.

முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு நியாயம் புரியும். நான் ரயில்வேயில் சிக்னல் அறையில் இருந்தவன். ஒரு நெம்புகோலை இழுத்தால் ஆயிரம் பேர் நடுக்காட்டில் நிற்பார்கள். கல்யாண கோஷ்டி நிற்கும், கால்பந்துக் குழு நிற்கும், ஒரு முறை மந்திரி ஒருவர் லுங்கியோடு இறங்கி வந்து நின்றார். நான் நிறுத்தி வைத்த ரயில்களை ஒன்றோடு ஒன்று கோத்தால் நிலாவுக்குப் போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பும் நீளம் இருக்கும். அந்த உத்தியோகத்தில் நான் கற்றுக்கொண்டது, ஒரு ரயிலை நிறுத்த அதன் குறுக்கே போய்ப் படுக்க வேண்டியதில்லை என்பதுதான். முன்னால் ஏதோ சரியில்லையோ என்று ஓட்டுநருக்குச் சின்னதாக ஒரு சந்தேகம் வந்தால் போதும். அவரே நிறுத்திக்கொள்வார். உங்களைத் திட்டவும் மாட்டார். எச்சரித்ததற்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார்.

எங்களுக்கு ஒரே மகள். பாலம் கட்டும் பொறியாளர். கல்யாணமாகியும் இதே வீட்டில் இருந்தாள் என்றால் அதற்கு உங்கள் பெருந்தன்மையும் ஒரு காரணம். உங்கள் மகன் குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் வரைகிறவர், அவருக்கு ஒரு மேசையும் ஒரு சன்னலும் இருந்தால் எந்த வீடும் வீடுதான். சாயங்காலமானால் நாலு பேரும் சீட்டாட உட்காருவோம். நான் ஏமாற்றுவேன், மகள் கண்டுபிடிப்பாள், என் மனைவி எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டுவாள், மாப்பிள்ளை தோற்றுவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார். சொர்க்கத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் மகள் சொன்னாள், தூரத்தில் ஓர் ஊரில் கடலுக்குக் குறுக்கே பாலம் கட்டப் போகிறார்களாம், அதன் தலைமைப் பொறுப்பு அவளுக்கு வரும் போலிருக்கிறதாம். இரண்டு பேருமாகப் போய் அங்கேயே இருந்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்களாம்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். இன்றுவரை ஒரு நாளும் சொன்னதில்லை. "ரொம்ப சந்தோஷம்மா" என்றேன். இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து யோசித்தேன். ஒரு நாய் வாங்கிக் கொடுக்கலாமா என்று பார்த்தேன். நாய் முதல் ஆளாக ரயிலில் ஏறி சன்னல் சீட்டைப் பிடித்துக்கொள்ளும். செடிகள் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று வந்து நிற்பார், அந்த மனிதருக்கு அடுத்தவர் வீட்டுக் குழாய் என்றால் உயிர். பூனையோ நாம் போனதையே கவனிக்காது. இப்படி யோசித்துக்கொண்டே நடந்தபோதுதான் அலங்கார மீன் கடை கண்ணில் பட்டது. கடைக்காரர் ரொம்ப நிதானம். அவருக்கும் அவருடைய ஆமைக்கும் ஓட்டப்பந்தயம் வைத்தால் நான் ஆமையின் பக்கம்தான் நிற்பேன்.

"நல்ல தண்ணி மீன் எடுத்துக்குங்க சார். நாலு நாள் நீங்க வெளியூர் போனாலும் தாங்கும்" என்றார்.

"அந்த நீல வெளிச்சத்துல இருக்கே, அது?"

"அது உப்புத் தண்ணி சார். கடல் மீன், பவளம். உங்களுக்கு வேணாம். அதை எடுத்தா அப்புறம் நீங்க எந்த ஊருக்கும் போக முடியாது."

சம்பந்தியம்மா, என் வாழ்க்கையில் எத்தனையோ இனிப்பான வார்த்தைகளைக் கேட்டிருக்கிறேன். என் மனைவி என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததுகூட அந்த வாக்கியத்துக்கு ஈடாகாது. அவள் சொன்னது "பார்க்கலாம்" என்று மட்டும்தான். நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஏன் போக முடியாது? கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க" என்றேன்.

"கடல் பெருசு சார். லேசுல சூடாகாது, லேசுல ஆறாது. அதுல பொறந்ததுங்களுக்கு ஒரே சூடு வேணும். இருபத்தஞ்சு, மிஞ்சினா இருபத்தாறு. வீட்டுக்குள்ள தொட்டி வெச்சா லைட்டு சூடு, பம்பு சூடு, ரூம் சூடு எல்லாம் தண்ணிக்குள்ளதான் இறங்கும். அதனால சில்லர் வெக்கணும். தண்ணிக்கு ஃபிரிட்ஜ் மாதிரி. பம்பு தண்ணியை அதுக்குள்ள தள்ளும், அது குளிர வெச்சுத் திருப்பி அனுப்பும். அது நின்னுதுன்னா எல்லாம் முடிஞ்சுது."

"எந்த சைஸ் சில்லர் வாங்கணும்?"

"தொட்டியில எத்தனை லிட்டர் தண்ணி, உங்க வீடு எவ்வளவு சூடு, எத்தனை டிகிரி இறக்கணும், இந்த மூணையும் பார்க்கணும் சார். பார்த்துட்டு அதுக்கு மேல ஒரு படி பெருசா வாங்கணும். சின்னதா வாங்கினா மூச்சு விடாம ஓடி ஓடியே செத்துப் போயிடும்."

"அந்தச் சின்னது எங்க இருக்கு?"

"சார்?"

"சும்மா பார்க்கத்தான்."

மாப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு என் பரிசு அது. இதோ இந்த ஆளுயரத் தொட்டி, அதன் அடியில் மர அலமாரி, அலமாரிக்குள் தண்ணீரை வடிகட்டுகிற கீழ்த்தொட்டி, கூடவே கடையிலேயே பொடியான சில்லர். உங்கள் மகனின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எறும்பு ஏறிய காகிதத்தை உதறாமல் ஊதி ஊதி அனுப்பி வைக்கிற மனிதர் அவர், உங்களுக்குத் தெரியாததா. பவளம் வாய் திறப்பதைப் பார்ப்பதற்காகத் தொட்டிமுன் உட்கார்ந்தால் சாப்பாட்டை மறந்துவிடுவார். கோட்டுப் படம்போலத் தட்டையாக, மஞ்சளாக ஒரு மீன் இருந்தது. எல்லாக் கல்லையும் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே போகும், அதற்கு 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்தார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஜோடி. ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டே இருக்கும், பிரியவும் பிரியாது. என் மனைவி அவற்றுக்கு 'மாமியார் மருமகள்' என்று பெயர் வைத்தாள். நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அது நீங்கள் இங்கே வருவதற்கு ரொம்ப முந்தி.

என் மனைவிக்கு மட்டும் ஒரு குறை. "மீனுக்கு ஏசி. எனக்கு இருபது வருஷமா தலையாட்டுற ஃபேன். நானும் ஒரு தொட்டிக்குள்ள போய் உக்காந்துக்கறேன்" என்றாள்.

சில்லரை அலமாரிக்குள்ளேயே வைத்துவிடுவோம், பார்க்க அழகாக இருக்கும், சத்தமும் கேட்காது என்று யோசனை சொன்னவன் நான். சில்லர் தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை எல்லாம் வெளியே ஊதித் தள்ள வேண்டும். மூடிய அலமாரிக்குள் வைத்தால் தான் ஊதிய சூட்டைத் தானே மறுபடி இழுத்துக்கொண்டு திணறும். பொடியான இயந்திரம், மூச்சுவிட இடமில்லை. ஒரு மாதம்கூடத் தாங்காது, மகள் கிளம்புகிற சமயத்தில் சரியாகப் படுத்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

படம் வரைகிற ஆள்தானே என்று நினைத்து ஏமாந்தேன். உங்கள் வளர்ப்பு அப்படி. எங்கெங்கோ படித்து, யார் யாரிடமோ கேட்டு, சில்லரை வெளியே எடுத்துச் சுவரிலிருந்து தள்ளி வைத்தார். அதன் வலையில் தூசி அடையவிடாமல் படம் வரைகிற தூரிகையால் துடைத்தார். சன்னலுக்குத் திரை போட்டார், விளக்கெரியும் நேரத்தைக் குறைத்தார், பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துச் சில்லருக்கு எது பிடிக்கும் என்று கண்டுபிடித்தார். அந்தப் பொடிசு இருபத்தைந்தில் போய் உட்கார்ந்தது பாருங்கள், இமயமலையை நகர்த்தினாலும் அதை நகர்த்த முடியாது போலிருந்தது. நீங்கள் பெற்ற பிள்ளை எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் வயிற்றெரிச்சல்.

அவர் உயரமானவர், முதுகு வலிக்காரர். அடியில் குனிந்து வடிகட்டும் பஞ்சை அலசுவது அவருக்குக் கஷ்டம். "மாப்பிள்ளை, மேல்மாடி உங்களுக்கு, கீழ்த்தொட்டி என் பொறுப்பு" என்றேன்.

"வேணாம் மாமா, இந்த வயசுல நீங்க போய்..."

"என் முதுகு ரப்பர் மாப்பிள்ளை. வளைச்சா அடுத்த தெரு வரைக்கும் போகும்."

கண் கலங்கிவிட்டார். அந்த வாரமே ஹீட்டரை வாங்கி, பஞ்சுக்குப் பின்னால், கல் அடுக்குக்கு நடுவில் படுக்க வைத்தேன். பழைய தொலைபேசிக்குச் சுவரில் போட்ட ஓட்டை ஒன்று சும்மா கிடந்தது. அதன் வழியாக வயரை என் அறைக்குள் இழுத்து, தலைமாட்டில் சுவிட்ச் வைத்தேன். ஓய்வு பெற்ற பிறகு முதல்முறையாக என் கைக்கு ஒரு நெம்புகோல் வந்தது. பத்து வயது குறைந்ததுபோல் இருந்தது என்றால் பொய், முப்பது வயது குறைந்தது.

எப்போதும் அதைப் போட்டுவைக்கிற முட்டாள் இல்லை நான். யாராவது பெட்டி கட்டினால் மட்டும்தான் போடுவேன்.

முதல் முறை, வீடு பார்ப்பதற்காக அந்த ஊருக்கு இரண்டு பேரும் கிளம்பினார்கள். தொட்டியை நான் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. காரில் பாதி தூரம் போயிருப்பார்கள், நான் போன் செய்தேன். "ஒண்ணுமில்ல மாப்பிள்ளை, நீங்க கவலைப்படாம போங்க. இருபத்தெட்டுன்னுதான் காட்டுது" என்றேன். எவ்வளவு நிதானமாகச் சொன்னேன் தெரியுமா, தாலாட்டுப் பாடினால்கூட அவ்வளவு இதமாக இருக்காது. சாயங்காலத்துக்குள் கார் வாசலில் நின்றது. அன்றைக்கும் சீட்டாடினோம்.

இரண்டாம் முறை அவர்கள் பெட்டி கட்டியபோது எனக்கு அளவு தப்பிவிட்டது. சுவிட்சைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். எழுந்து பார்த்தால் முப்பத்தொன்று. இன்ஸ்பெக்டர் ஒரு கல்மேல் சாய்ந்து கிடந்தார். மாப்பிள்ளை அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "நான்தான் மாமா கொன்னுட்டேன், பம்பைச் சரியா கவனிக்கல" என்று தேம்பினார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "வருத்தப்படாதீங்க, எல்லாருக்கும் தப்பு நடக்கும்" என்றேன். அதன் பிறகு கடைக்காரர் மீன்களைத் திருப்பி வாங்கிக்கொள்வதாகச் சொன்னபோதுகூட மாப்பிள்ளை சம்மதிக்கவில்லை. ஒன்றைச் சாகவிட்டவன் மற்றதையும் கைவிடுவதா என்றார். அப்படிப்பட்ட தங்கமான மனசு.

மகளின் கதை வேறு. சிவப்பு விளக்கைப் பார்த்ததும் சில ஓட்டுநர்கள் கீழே இறங்கி வந்து கம்பத்தையே ஆட்டிப் பார்ப்பார்கள். அவள் அந்த ரகம். இன்ஸ்பெக்டரைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளைக்கு நான் எலுமிச்சை ஜூஸ் பிழிந்துகொண்டிருந்தேன்.

"அப்பா, நீங்க சீட்டுல ஏமாத்தும்போதுதான் இவ்வளவு நல்லவரா இருப்பீங்க" என்றாள்.

"உனக்கும் ஒரு கிளாஸ் போடட்டுமா?" என்று கேட்டேன்.

அதற்கு மேல் அவள் தோண்டவில்லை. அப்பனைப் போய் அப்படி நினைக்க அவளுக்கு மனசு வந்திருக்காது, பாவம். குறித்த தேதியில் பாலம் கட்டக் கிளம்பிவிட்டாள். தண்ணீர் ஒரு நிலைக்கு வந்ததும் மாப்பிள்ளை பின்னாலேயே வந்துவிடுவார் என்று பேச்சு. ரயில் நிலையத்தில் அவளுக்கு நான் கையசைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. அந்த நிலையத்தின் சிக்னல் என் கையில் இருந்த காலத்தை நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் நல்ல செய்தி வந்தது. மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் என் மனைவி ஒரே மூச்சில் பெட்டி கட்டினாள். அவளுக்காக நான் சுவிட்சைத் தொடவில்லை. தொட்டாலும் பிரயோசனமில்லை, அவள் அந்தத் தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கிறவள் இல்லை. "நீங்களும் உங்க மீனும் ஒண்ணா கிடங்க" என்று சொல்லிவிட்டுப் போனவள் இன்னும் வரவில்லை. கடற்காற்று ஒத்துக்கொண்டதாம்.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். மகள்தான் போய்விட்டாளே, அப்புறமும் எதற்கு அந்த சுவிட்ச்? நியாயமான கேள்வி. கணவன் இங்கே இருந்தால் மனைவி திரும்பி வந்துதானே ஆக வேண்டும் என்று முதலில் ஒரு கணக்கு வைத்திருந்தேன். அவள் வரவில்லை. பிறகு அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்ப்பதில்லை.

உண்மையைச் சொன்னால் நாங்கள் இரண்டு பேரும் ரொம்ப சந்தோஷமாக இருந்தோம். நான் சமைப்பேன். உப்பில்லாமல் சமைத்தாலும், "பிரமாதம் மாமா" என்று சாப்பிடுவார். இரண்டு பேர் மட்டும் ஆடுகிற சீட்டாட்டம் ஒன்றைச் சொந்தமாகக் கண்டுபிடித்தேன், அதன் விதிகள் எனக்கே முழுசாகத் தெரியாது. தோற்றுவிட்டு அதே சிரிப்பு. ஒரு குழந்தைகள் புத்தகத்தில் கடலுக்கடியில் ரயில் ஓடுகிறது, எட்டுக் கையாலும் எட்டு நெம்புகோலை இழுக்கிற ஆக்டோபஸ் ஸ்டேஷன் மாஸ்டருக்கு என் முகத்தை வரைந்து வைத்தார். எனக்கு ஒரு மகன் இருந்திருந்தால் இவ்வளவு பாசமாக இருந்திருப்பானா என்பது சந்தேகம்தான். இருந்திருந்தால் எப்போதோ வெளியூர் போயிருப்பான்.

பிரசவத்துக்கு அவர் கிளம்பியதை நீங்கள் கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும்.

பெட்டி கட்டியாகிவிட்டது. பிறக்கப் போகிற குழந்தையின் தொட்டில்மேல் தொங்கவிட, கெட்டி அட்டையில் மீன்களாக வெட்டி வண்ணம் தீட்டி வைத்திருந்தார். டாக்ஸிக்கும் சொல்லியாகிவிட்டது. நான் அறைக்குப் போய் சுவிட்சைப் போட்டேன். ஒரு ரயிலை மட்டும் விடட்டும், அடுத்ததில் போகட்டும், அன்றைக்கு மத்தியானம் ஒரு ஆட்டம் பாக்கி இருந்தது என்ற அளவில்தான் நினைத்தேன். தண்ணீர் நான் நினைத்ததைவிட வேகமாக ஏறியது. பவளங்கள் ஒவ்வொன்றாக வெளுக்க ஆரம்பித்தன. வந்த டாக்ஸியைத் திருப்பி அனுப்பிவிட்டு மாப்பிள்ளை பாட்டில்களில் ஐஸ் நிரப்பித் தொட்டியில் மிதக்கவிட்டார். ஒரு கையில் பாட்டில், ஒரு கையில் போன். வலி வந்துவிட்டது என்று என் மனைவி போனில் சொன்னபோது முழங்கைவரை தண்ணீருக்குள் இருந்தார். குழந்தை அழுத சத்தமும் அந்தப் போனில்தான் வந்தது. பெண் குழந்தை, நல்ல உரத்த குரல், என் குடும்பத்துக் குரல்.

அவர் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஐஸ் எடுத்துவரச் சமையலறைக்குப் போய்விட்டேன்.

நீங்கள் எதுவும் சொல்லாமல் இருந்தால் எனக்குப் பேச வசதியாக இருக்கிறது. ஆனால் இப்போது சொன்னீர்களே, "என் ஜெயில்ல இருந்தவங்களுக்காவது எத்தனை நாள்னு தெரியும் சம்பந்தி" என்று, அது நல்ல வார்த்தை. நீங்கள் கோபத்தில் சொன்னாலும் நான் அதை ரசித்தேன். ஒப்பிடுவதுதான் சரியில்லை. உங்களிடம் இருந்தவர்கள் கம்பியைப் பார்த்திருப்பார்கள். இந்த வீட்டில் எந்தக் கதவும் பூட்டியதில்லை. உங்கள் மகனை ஒருவரும் கையைப் பிடித்து நிறுத்தியதில்லை. "போய்ட்டு வாங்க மாப்பிள்ளை, நான் பார்த்துக்கறேன்" என்று ஒவ்வொரு முறையும் நான்தான் முதலில் சொல்லியிருக்கிறேன். வேண்டுமானால் அவரிடமே கேட்டுப் பாருங்கள். என்னைப்போல ஒரு மாமனார் யாருக்குக் கிடைப்பார் என்பார்.

பேத்திக்கு இப்போது குப்புறக் கவிழத் தெரிந்துவிட்டதாம். தினமும் போனில் பார்க்கிறோம். மாப்பிள்ளை போனைத் தொட்டியின் கண்ணாடியில் சாய்த்துவைத்து, "பாரு, பாரு, மாமியார் வந்தாச்சு, மருமகள் வந்தாச்சு" என்று காட்டுவார். குழந்தை மீனைப் பார்த்துத்தான் சிரிக்கிறது. அப்பாவை அதற்கு அடையாளம் தெரிகிறதா என்று சொல்ல முடியாது. எனக்கும் அதைத் தூக்கிக் கொஞ்ச ஆசை இல்லாமலா இருக்கும், சம்பந்தியம்மா. நானும் மனுஷன்தான். ஆனால் அந்தப் பிரசவ நாளுக்குப் பிறகு மாப்பிள்ளை இருக்கிற நிலையில் அவரை எப்படித் தனியாக விட்டுவிட்டு வருவது? ராத்திரி பகல் எந்நேரமும் சில்லரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பொடியான சில்லர் போதாது என்று முடிவுகட்டி, கடைக்காரர் ஆரம்பத்திலேயே சொன்ன பெரியதை வாங்கிப் பொருத்தினார். குதிரை மாதிரி இயந்திரம். அது வந்த அன்று, "இனிமே கவலையில்ல மாமா, அடுத்த வாரம் கிளம்பிடலாம்" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நானும் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அந்த அடுத்த வாரமும் போய், இன்னும் பல வாரம் போய், கடைசியில் நீங்களே கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறீர்கள். நீங்கள் வருகிறீர்கள் என்று போனில் கேட்டதுமே நான் சுவிட்சைப் போட்டுவிட்டேன். அப்புறம் அறையை உங்களுக்குக் கொடுத்தேன். மீதி உங்களுக்கே தெரியும்.

நான் பேசப் பேச நீங்கள் என்னைப் பார்க்காமல் தொட்டிமேல் இருக்கும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நானும் கவனித்தேன். சிறையில் பழகிய கண் வேறு எதைப் பார்க்கும். ஹீட்டரை எடுத்து, காப்பி போட்டு, குடித்து, நான் இவ்வளவு பேசியும் முடித்துவிட்டேன். குதிரை மாதிரி சில்லர் அங்கே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தண்ணீர் இந்நேரம் இறங்க ஆரம்பித்திருக்க வேண்டும். இருபத்தொன்பதிலேயே நிற்கிறது. ஏன் என்று கேட்க வாயெடுக்கிறீர்கள்.

கேட்க வேண்டாம், நானே சொல்கிறேன். பெரிய சில்லர் வந்த பிறகு இந்தச் சின்ன ஹீட்டரால் அதற்கு ஈடு கொடுக்க முடியவில்லை. இதைவிடப் பெரியதாக இன்னொன்று வாங்கினேன். கல்லடுக்கின் அடுத்த பக்கம் கிடக்கிறது. அதன் சுவிட்ச் சமையலறையில், ஃபிரிட்ஜுக்குப் பின்னால். உங்கள் மகனின் குழந்தை பிறந்த பிறகு, எல்லாம் தெரிந்து, நிதானமாக யோசித்து வாங்கியது அது. அதுதான் நான் சொல்ல வேண்டியதில் மிச்சம் இருந்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது, அவர்தான். தாராளமாகச் சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒரே ஒரு வேண்டுகோள். அந்த இரண்டாவது சுவிட்சை இப்போதே போய் அணைத்துவிடாதீர்கள். பெரிய சில்லர், தண்ணீர் சடாரென்று குளிர்ந்துவிடும், மீன்களுக்குத் தாங்காது. ஒரு நாளைக்கு ஒரு டிகிரி என்று மெதுவாகத்தான் இறக்க வேண்டும். அதுவரை மாப்பிள்ளை கூடவே இருந்து பார்த்துக்கொள்ளட்டும், ரயில் நாளைக்கும் வரும். வாயில்லாத ஜீவன்கள், சம்பந்தியம்மா. உயிர் விஷயத்தில் விளையாடுவது எனக்குப் பிடிக்காது.